ஆறு விட்டுவைத்த வீடுகள்

வியாழன் இரவு, காலின்ஸ்வில்

அப்பா ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு என் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. சிகாகோ பார்த்தாயிற்று, ஏரி பார்த்தாயிற்று, எல்லாக் கடைகளிலும் வண்டி தள்ளியாயிற்று. பொதுப்பணித்துறையில் முப்பத்து நாலு வருடம் ஓவர்சியராக இருந்தவருக்கு இங்கே ஒரே குறைதான். "நீ காட்டுறது எல்லாம் நேத்துக் கட்டினதா இருக்கேம்மா." விருந்தாளி வந்தால் எங்கள் ப்ளூமிங்டனில் எல்லாரும் கூட்டிப்போகும் டேவிட் டேவிஸ் மாளிகைக்கு நானும் கூட்டிப்போனேன். 1872 என்று படித்துக் காட்டினேன். "எங்க டிவிஷன் ஆபீஸ் வயசு" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பயணம். இல்லினாய் மாநிலத்தில் இன்னும் நிற்கிற மிகப் பழைய கட்டடங்களைப் பார்க்க ஐந்து நாள். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. நானும் அப்பாவும், ஒரு டப்பா புளிசாதமும்.

ப்ளூமிங்டனிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரம் நேர்கோட்டுச் சாலை. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த மக்காச்சோளத் தாள், நடுநடுவே சோயா அறுக்கும் இயந்திரம் கிளப்புகிற புழுதி. இதற்குப் புல்வெளி மாநிலம் என்று பட்டப்பெயர். ஆள் உயரம் வளர்ந்த அந்தப் புல்லில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. புல்வேர் மண்ணைப் பின்னிப் பிடித்திருந்தது. வார்ப்பிரும்புக் கலப்பையில் களிமண் அப்பிக்கொண்டு நகராது. 1837-ல் ஜான் டியர் என்ற கொல்லர் இதே மாநிலத்தில் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் வழவழவென்று எஃகுக் கலப்பை செய்தார். அதற்குப் பிறகுதான் இந்த நடுப்பகுதி முழுக்க வயலானது. ஆகவே இங்கே பழைய வீடு தேடிப் பயனில்லை; மேற்கே மிசிசிப்பி ஆற்றோரத்துக்குப் போக வேண்டும். கலப்பைக்கு நூறு வருடம் முன்னாலேயே கனடாவிலிருந்து ஆற்றோடு இறங்கி வந்த பிரெஞ்சுப் பாதிரியார்களும் தோல் வியாபாரிகளும் அங்கேதான் வீடு கட்டினார்கள்.

இன்றைக்குக் கணக்கில் கட்டடமே இல்லை, மண் மேடு. செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது கஹோக்கியா மேடுகள். பெரிய மேட்டுக்கு 'துறவிகள் மேடு' என்று பெயர். நூறு அடி உயரம், அடிப்பரப்பு பதினான்கு ஏக்கர். 1800-களின் தொடக்கத்தில் சில பிரெஞ்சுத் துறவிகள் பக்கத்தில் கொஞ்ச காலம் குடியிருந்தார்கள், அதனால் அந்தப் பெயர். கட்டியவர்கள் யார், தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்பதே இல்லாமல் போய்விட்டது. கஹோக்கியா என்பதுகூட பிற்பாடு இந்தப் பக்கம் வாழ்ந்த ஒரு குடியின் பெயர்தான். சுமார் 1100-ல் இங்கே பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்திருக்கிறார்கள். மேட்டின் உச்சியில் பெரிய மர மாளிகை ஒன்று இருந்திருக்கிறது. வண்டி இல்லை, மாடு இல்லை, எல்லா மண்ணும் கூடையில் ஆள் சுமந்து வந்தது.

படியேறி மேலே போனதும் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் பார்த்தது தூரத்தில் தெரிகிற செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெரிய எஃகு வளைவை இல்லை, காலுக்குக் கீழே சரிவை. ஒரு பக்கம் மண் சரிந்திருந்ததைக் காட்டி, "உள்ளே தண்ணி நிக்குது. வடிகால் யோசிச்சுத்தான் கட்டியிருப்பான், ஆனா நூறு அடி மண்ணுன்னா சும்மாவா" என்றார்.

"நாளைக்குத்தான்பா நிஜமான பழைய கட்டடம். ஐரோப்பியர் கட்டினது."

"ஏன், இது கட்டடம் இல்லையா? மண்வேலைன்னு எஸ்டிமேட்ல தனித் தலைப்பே உண்டும்மா."

எனக்குப் பதில் இல்லை. 'மாநிலத்தின் மிகப் பழைய' என்று தொடங்குகிற பலகைகளை இனிமேல் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். எதிர்க்கரையில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குள்ளும் இந்த மாதிரி மேடுகள் நிறைய இருந்தன. அங்கேயிருந்த பெரிய மேட்டை 1869-க்குள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள்.

தங்கியிருக்கும் மோட்டலில் ஹீட்டர் பழைய லாரி மாதிரி சத்தம் போடுகிறது. அப்பா தூங்கிவிட்டார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.


வெள்ளி இரவு, அதே மோட்டல்

மேடுகளிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆற்றோரமாகக் கஹோக்கியா ஊர். 1699-ல் கியூபெக்கிலிருந்து வந்த பாதிரியார்கள் தொடங்கியது. இப்போது பக்கத்து ஊர்களோடு சேர்த்துக் கஹோக்கியா ஹைட்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெட்ரோல் பங்க், மூடிக்கிடக்கிற கடைகள், புல் வெட்டாத காலி மனைகள். இந்த மாநிலத்தின் மிகப் பழைய ஊர்களில் ஒன்று என்று யாரும் சொல்லாமல் தெரியாது. ஒரு தெருத் திருப்பத்தில் சட்டென்று அந்த வீடு நின்றது.

பழைய கோர்ட்டு வீடு. 1740 வாக்கில் யாரோ குடியிருக்கக் கட்டியது. 1793-ல் பிரான்சுவா சோசியே என்பவரிடமிருந்து வாங்கி நீதிமன்றமும் சிறையுமாக ஆக்கினார்கள். ஒரு காலத்தில் இந்தக் கோர்ட்டின் எல்லை வடக்கே கனடா வரைக்கும் போனதாம். நாலே நாலு அறை, மேலே ஒரு பரண். வீட்டைச் சுற்றித் தாழ்வாரம், அதன் மேல் தொப்பி விளிம்பு மாதிரி இறங்குகிற கூரை. 1803 டிசம்பரில், மேற்குக் கடல் தேடிப் போவதற்கு முன் கேப்டன் லூயிஸ் இந்த ஊருக்கு வந்து காரியம் பார்த்திருக்கிறார்.

அப்பா தாழ்வாரத்தில் ஏறியதும் கதவுப் பக்கம் போகாமல் சுவர்ப் பக்கம் போனார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்க மர வீடு என்றால் கட்டைகளைப் படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதுதான் எல்லார் மனதிலும் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் கட்டைகளை நிறுத்தினார்கள். கல் அஸ்திவாரத்தின் மேல் கனமான அடிக்கட்டை ஒன்று படுத்திருக்கும். அதில் துளை போட்டு, செதுக்கிய கருப்பு வால்நட் கட்டைகளை வரிசையாகச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கட்டைக்கு நடுவே கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் போட்டு அடைத்துவிடுவார்கள். மண்ணிலேயே குழி தோண்டிக் கட்டையை நடுகிற முறையும் உண்டு, ஆனால் அது அடியில் உளுத்துவிடும். அடிக்கட்டை வைத்தால் ஈரம் ஏறாது.

அப்பா ஒரு கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். "வாச்சி போட்டிருக்கான் பாரு." அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது: மீன் செதில் மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள், எல்லாம் ஒரே திசையில். "வலது கைக்காரன்" என்றார். ஓரக் கட்டைகளில் சாய்வாக ஒரு முட்டு ஓடியது. காற்றுக்கு வீடு சாயாமல் இருக்க அதுதான் பிடி. கட்டைக்கும் காரைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. அதில் நகத்தை விடப் போனவரை நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

சரி, 1740 வீடு, அப்பா சந்தோஷம், கதை முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே போய்ப் படித்தால்தான் விவகாரம்.

1814-ல் மாவட்டத் தலைநகர் பெல்வில்லுக்குப் போய்விட்டது. கோர்ட்டு போனதும் இந்த வீடு ஊர் மண்டபமாக இருந்தது, பள்ளிக்கூடமாக இருந்தது, சாராயக்கடையாக இருந்தது, சாமான் போட்டுவைக்கிற கிடங்காக இருந்தது. 1901-ல் கழற்றினார்கள். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் வேடிக்கைக்கு நிறுத்தினார்கள். பொருட்காட்சி முடிந்ததும் சிகாகோவில் ஒரு சங்கம் வாங்கிக்கொண்டு போய் ஜாக்சன் பூங்காவில், அளவில் சின்னதாக்கி மறுபடியும் கட்டியது. அங்கே முப்பது வருடத்துக்கு மேல் நின்றது. 1938-ல் இங்கே தோண்டிப் பார்த்தபோது பழைய அஸ்திவாரம் அப்படியே கிடைத்தது. மறு வருடம் கட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து, குறைந்ததற்குப் புதுக்கட்டை போட்டு, அதே அஸ்திவாரத்தின் மேல் நிறுத்திவிட்டார்கள்.

"அப்போ இது 1740 கட்டடமா, 1939 கட்டடமா?" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மெஷர்மெண்ட் புக்ல எழுதணும்னா மரம் 1740, லேபர் 1939-ன்னு எழுதுவேன்" என்றார்.

எனக்கு அந்தச் சாராயக்கடைதான் பிடித்திருக்கிறது. கோர்ட்டு போனதோடு பூட்டிப் போட்டிருந்தால் நாலு மழையில் அடிக்கட்டை உளுத்திருக்கும். நாலு பேர் வந்து உட்கார்ந்து குடித்ததால் யாரோ ஒழுகுகிற இடத்தைச் சரி பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நடந்துபோகிற தூரத்தில் புனிதக் குடும்ப தேவாலயம். 1799-ல் முடிந்தது. இதற்கும் நிறுத்திய வால்நட் கட்டைகள், கல், காரை. இது ஊர் ஊராகச் சுற்றவில்லை, கட்டின இடத்திலேயே நிற்கிறது. 1891-ல் பக்கத்திலேயே பெரிய கல் கோயில் கட்டிக்கொண்டதும் இதைக் கூடமாகப் பயன்படுத்தினார்கள். 1949-ல் பழையபடி மீட்டார்கள். இன்றும் இங்கே பூசை நடக்கிறது. உள்ளே ஒரு கிழவி தனியாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அதனால் அப்பா எதையும் தட்டிப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உத்தரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் சொன்னார்: "இதுக்கு மரம் 1799, லேபரும் 1799."

தெருவைத் தாண்டினால் ஜாரோ மாளிகை. நிக்கோலா ஜாரோ என்ற வியாபாரி 1807-ல் தொடங்கி 1810-ல் முடித்த செங்கல் வீடு. மாநிலத்தின் மிகப் பழைய செங்கல் வீடு என்கிறார்கள். கட்டி முடித்த மறு வருடமே நியூ மாட்ரிட் நிலநடுக்கம். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கையே ஆட்டிவிட்ட அந்த நடுக்கத்தில் விழுந்த விரிசல் இன்னும் சுவரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாடியில் நடனக்கூடம். எனக்கு அங்கே மனம் போகவில்லை. இந்த வீட்டுக்காரர்களிடம் அடிமைகள் இருந்தார்கள். 1787 சட்டப்படியே இந்த மண்ணில் அடிமை முறை கூடாது; ஆனால் 'பழைய பிரெஞ்சுக் குடிகளின் சொத்து' என்று சொல்லி அறுபது வருடம் போல ஓட்டிவிட்டார்கள். பீட் என்று அழைக்கப்பட்ட ஜோசப் ஜாரோ, இந்த வீட்டு எசமானி ஜூலியா ஜாரோ மேல் கூலி கேட்டு வழக்குப் போட்டார். 1845-ல் மாநில உச்ச நீதிமன்றம், 1787-க்குப் பிறகு பிறந்தவர்களை அடிமையாக வைத்திருக்க முடியாது என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எசமானிக்கும் அவருக்கும் ஒரே குடும்பப் பெயர். வீடு அந்தப் பெயரில்தான் நிற்கிறது; எந்த ஜாரோவின் பெயர் என்று நினைத்துக்கொள்வது நம் இஷ்டம்.

1769-ல் பாண்டியாக் என்ற பெரிய பழங்குடித் தலைவரைக் கொன்றதும் இந்த ஊரில்தான். அதற்கு நிற்கிற கட்டடம் எதுவும் இல்லை.


சனி இரவு, ரெட் பட்

இன்றைக்குத்தான் நல்ல சாலை. இடது கையில் சுண்ணாம்புக்கல் பாறைச் சுவர் செங்குத்தாகக் கூடவே வருகிறது, வலது கையில் ஆற்றுப் படுகை தட்டையாக ஓடுகிறது. படுகையில் கறுப்பு வண்டல். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கோதுமை விளைவித்துப் படகில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். வழியில் வால்மேயர் என்ற ஊர். 1993 வெள்ளத்துக்குப் பிறகு ஊரே கிளம்பிப் பாறைக்கு மேலே போய்விட்டது. கீழே பழைய ஊர்த் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. தெருவில் வீடுதான் இல்லை.

ப்ரேரி டு ரோஷே, 1722-ல் வந்த ஊர், இப்போது ஐந்நூறு பேர் போல இருக்கிறார்கள். பாறையடிப் புல்வெளி என்று அர்த்தம். ஆண்டின் கடைசி இரவில் வேஷம் கட்டிக்கொண்டு, பழைய பிரெஞ்சுப் பாட்டைப் பாடி வீடு வீடாகப் போகிற வழக்கம் அன்றிலிருந்து இன்றுவரை இங்கே விடவில்லை. பிரெஞ்சு பேசுகிறவர்கள் போய்விட்டார்கள், பாட்டு மட்டும் இருக்கிறது. மதியம் ஒரு சின்னக் கடையில் அப்பாவுக்கு சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். "மோர் மிளகாய் இருந்தா நல்லாருக்கும்" என்றார். இருந்தது, என் கைப்பையில்.

அங்கிருந்து நாலு மைல் வயல் நடுவே போனால் சார்ட்ரஸ் கோட்டை. பிரெஞ்சுக்காரர்களின் இல்லினாய் நிர்வாகமே இங்கேதான் இருந்தது. 1720-ல் முதல் கோட்டை, மரம். ஆற்று வெள்ளம். அப்புறம் இன்னொரு மரக்கோட்டை. அதுவும் தாங்கவில்லை. 1753-ல் கல்லில் தொடங்கினார்கள்: பாறைச் சுவரிலிருந்து வெட்டிய சுண்ணாம்புக்கல், பதினைந்தடி உயரம், மூன்றடி கனம், நாலு ஏக்கர் வளைப்பு. பத்து வருடம்தான் அனுபவித்தார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்ததெல்லாம் ஆங்கிலேயருக்குப் போய்விட்டது. அதே உடன்படிக்கையில்தான், ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 1765-ல் அங்கே பிரெஞ்சுக் கொடி மறுபடியும் ஏறியது. அதே வருடம் அக்டோபரில் இந்தக் கோட்டையில் இறங்கியது. அப்பாவிடம் இதைச் சொன்னதும், பாண்டிச்சேரியில் மூன்று வருடம் தங்கி வேலை பார்த்தவர் ஆயிற்றே, கோட்டையை ஒரு சொந்தக்காரர் வீடு மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆங்கிலேயரும் ஏழு வருடத்தில் கிளம்பினார்கள். 1772-ல் ஆறு தெற்குச் சுவரை அரித்துக்கொண்டு போனது. மிச்சக் கல்லைச் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் வண்டி வண்டியாக அள்ளினார்கள். 1913-ல் மாநில அரசு இடத்தை வாங்கியபோது நின்றுகொண்டிருந்தது ஒன்றே ஒன்று: வெடிமருந்து அறை.

இப்போது உள்ளே நுழைகிறபோது தெரிகிற பெரிய வாசலும் சுவரும் பிற்காலத்தில் எழுப்பியவை, 1989 வரை கட்டியிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. அப்பா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டாத சில கட்டடங்களுக்கு வெறும் மரச்சட்டத்தால் வீட்டின் உருவத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள், வானத்தில் பென்சிலால் கோடு போட்டமாதிரி. அது எனக்குப் பொய்ச் சுவரைவிடப் பிடித்தது.

வெடிமருந்து அறை ஒரு மூலையில் குட்டையாக, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 1750-களில் கட்டியது, 1917-ல் பழுது பார்த்தார்கள். ஐரோப்பியர் கட்டியதில் இந்த மாநிலத்தில் நிற்கிற மிகப் பழைய கட்டடம் இதுதான் என்று சொல்கிறார்கள். கோர்ட்டு வீட்டு ஆட்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே வெயில் சட்டென்று நின்றுபோகிறது. வளைந்து இறங்குகிற கல் கூரை, ஒரு தூண் கிடையாது, மரம் கிடையாது. மருந்து வைக்கிற இடத்தில் பற்றிக்கொள்கிற எதுவும் கூடாது, ஈரமும் கூடாது. அதற்காகச் சிரத்தையோடு கட்டியதுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. கல் அள்ள வந்தவர்களுக்கு வீட்டுச் சுவரைப் பெயர்ப்பது லேசு, இந்த வளைவில் கை வைத்தால் தலையில் விழும்.

அப்பா ஒரு தடவை கைதட்டினார். சத்தம் சுற்றிவிட்டு வந்தது. "ஆர்ச் பிரமாதம். சென்டரிங் மரத்தை எடுத்தப்போ அந்த மேஸ்திரி எங்க நின்னிருப்பான் தெரியுமா? நேர் கீழே நின்னிருப்பான். நம்பிக்கை இருந்தா நிக்கணும்."

அந்தச் சுண்ணாம்புக் கல்லில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று அகப்பட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக வட்டம் வட்டமாகக் கல்லுக்குள் பதிந்திருந்தது, நடுவில் ஒரு புள்ளி. கடல் அல்லி என்கிற பழைய உயிரினத்தின் தண்டுத் துண்டுகள். இந்தப் பக்கத்துப் பாறையெல்லாம் முப்பது கோடி வருடத்துக்கும் முந்தைய கடலடிச் சேறு. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு ஒட்டப் பார்த்தார். "அப்போ பலகையை மாத்தி எழுதச் சொல்லு" என்றார்.

1993-ல் கரை உடைந்தபோது இந்தக் கோட்டைச் சுவர் அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. வெடிமருந்து அறை அந்தத் தண்ணீருக்குள் கிடந்து, வடிந்ததும் அப்படியே நின்றது. இன்று வாசலில் நின்றால் ஆறு கண்ணில் படவில்லை. மேற்கே நகர்ந்து போய், அணைக்கரைக்குப் பின்னால் இருக்கிறது.


ஞாயிறு இரவு, செஸ்டர்

இன்றைக்கு என் வழிகாட்டிச் செயலிக்கும் எனக்கும் சண்டை. கஸ்காஸ்கியா என்று போட்டால் அது என்னை மிசூரி மாநிலத்துக்குப் போகச் சொன்னது. "இல்லினாய் ஊர்தானே, ஏன் ஆற்றைத் தாண்டச் சொல்லுது?" என்று திருப்பித் திருப்பிப் போட்டேன். வயல் நடுவே ஒரு மண் பாதையில் போய் நின்றபிறகுதான், அது சொன்னது சரி என்று புரிந்தது.

1703-ல் வந்த ஊர் கஸ்காஸ்கியா. 1818-ல் இல்லினாய் மாநிலமானபோது முதல் தலைநகரம் இதுதான். 1881-ல் மிசிசிப்பி பக்கத்திலிருந்த சின்ன ஆற்றின் படுகைக்குள் புகுந்து புது வழி எடுத்துக்கொண்டது. தலைநகரம் நின்ற இடம் ஆறாகிவிட்டது. மிச்ச நிலம் ஆற்றுக்கு மேற்கே மாட்டிக்கொண்டது. அதனால் இன்றும் மிசூரி வழியாக ஒரு சின்னப் பாலம் தாண்டித்தான் போக முடியும். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 21.

நாங்கள் முதலில் இந்தப் பக்கம் குன்றின் மேல் ஏறினோம். அங்கே ஒரு கல்லறைத் தோட்டம். ஆறு அரிக்கத் தொடங்கியதும் பழைய ஊர்க் கல்லறைகளைத் தோண்டி, மூவாயிரத்து எண்ணூறு பேர் போல எலும்புகளை மேலே கொண்டுவந்து புதைத்தார்கள். வீடுகளை விட்டுவிட்டார்கள், பெரியவர்களை விடவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

குன்றின் அடிவாரத்தில் பியர் மெனார்டின் வீடு. கியூபெக்கில் பிறந்த தோல் வியாபாரி, மாநிலத்தின் முதல் துணை ஆளுநர். 1802 என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது 1815 வாக்கில் என்கிறார்கள். தரைத்தளம் கல்லில் உயர எழுப்பி, அதன் மேல் மர வீடு, முன்னால் நீளமான தாழ்வாரம். ஊர் போனபிறகும் இது நிற்பதற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை: அவர் மேட்டில் கட்டினார். பின்பக்கம் சமையலறை தனி. பெரிய அடுப்பு, ரொட்டி சுடும் சூளை, ஒரே கல்லில் குடைந்த தொட்டி. சமைத்தது யார் என்று கேட்டால் இங்கேயும் அடிமைகள்தான். கல் தொட்டியின் விளிம்பில் ஒரு இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வீடு முழுக்கப் பார்த்ததில் எனக்கு நினைவில் நிற்பது அந்தத் தேய்மானம்தான்.

தாழ்வாரத்தில் நின்றால் எதிரே மிசிசிப்பி. "அந்தத் தண்ணிக்கு அடியிலதான் சட்டசபை இருந்துச்சு" என்றேன். அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்து நாலு வருஷம் கரை கட்டியிருக்கேம்மா. கரையை நாம கட்டலாம், எங்க போகணும்னு அதுதான் முடிவு பண்ணும்."

மதியத்துக்கு மேல் செஸ்டர் பாலம் தாண்டி, மிசூரிக்குள் சுற்றி, செயின்ட் மேரி என்ற ஊர் வழியாகத் தீவுக்குள் போனோம். ஒரு தேவாலயம், சில வீடுகள், மற்றதெல்லாம் வயல். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் அறையில் மணி. 1741-ல் பிரான்சில் வார்த்து, பதினைந்தாம் லூயி மன்னர் அனுப்பியது. 1778 ஜூலை 4-ல் அமெரிக்கப் படைத் தலைவர் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் ஆங்கிலேயரிடமிருந்து ஊரைப் பிடித்தபோது இதைத்தான் அடித்தார்கள். பிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற சுதந்திர மணியைவிட மூத்தது. இதிலும் விரிசல். அங்கே வரிசையில் நின்று பார்க்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேர், ஒரு நாய்.

செஸ்டரில் கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் சிலை இருக்கிறது, அவரை வரைந்தவர் பிறந்த ஊர். அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். அது வெண்கலம் என்பதைத் தவிர அவர் எதையும் கவனிக்கவில்லை.


திங்கள் இரவு, வீடு

திரும்பும் வழியில் வண்டேலியா. 1820-லிருந்து 1839 வரை தலைநகரம். 1836-ல், தலைநகரத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் ஊர்க்காரர்களே அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த சட்டசபை. லிங்கன் அதில் உட்கார்ந்து, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற வேண்டும் என்று ஆள் சேர்த்து மாற்றியும் விட்டார். சாயங்காலம் போனதால் வெளியிலிருந்துதான் பார்த்தோம். வெள்ளைத் தூண்கள், நல்ல கட்டடம். நாலு நாளில் அப்பாவுக்கு வாய் ருசி மாறிவிட்டது. "1836-ஆ? சின்னப் பையன்" என்று காரை விட்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, மீதி மோர் மிளகாயோடு தயிர் சாதம். அப்புறம் அப்பா ஹாலில் எழுந்து நின்று சுவரைத் தட்ட ஆரம்பித்தார். டொக் டொக், டம், டொக் டொக், டம். இந்த வீடு 2004. "உள்ளே கட்டை எங்கெங்க நிக்குது?" என்றார். படம் மாட்டுவதற்கு வைத்திருந்த, சுவருக்குள் கட்டை இருக்கிற இடத்தைக் காட்டும் சின்னக் கருவியை எடுத்துக் கொடுத்தேன். அது கீச்சிடும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனார். டேப் பிடித்து அளந்தார். பதினாறு அங்குலத்துக்கு ஒன்று. குனிந்து தரையோரம் தட்டினார். அங்கே படுக்கையாக ஒரு அடிக்கட்டை ஓடுகிறது.

"நிறுத்தின கட்டை, கீழே அடிக்கட்டை. கல்லுக்கும் காரைக்கும் பதிலா பஞ்சு அடைச்சிருக்கான்" என்றார். "அந்தக் கோர்ட்டு வீட்டைத்தாம்மா நீ வாங்கியிருக்கே."

வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கு வந்து விளக்கைப் போட்டவர், சுவர் முழுக்கக் கோடு போட்டது யார் என்று கேட்டார். அப்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.